சகுந்தலாக்காவின் வயிற்றில் கேட்டது

போன வாரம் எதிர்வீட்டு மருமகள் கைப்பேசியை நீட்டிக்கொண்டு வந்தாள். "ஆன்ட்டி, இதக் கேளுங்களேன்" என்று எதையோ தொட்டாள். குடுகுடுவென்று ஒரு சத்தம் ஓடியது. ஸ்கேன் எடுத்த இடத்தில் குழந்தையின் இதயத்துடிப்பைப் பதிவு செய்து கொடுத்திருக்கிறார்கள். மாமனார் கேட்டாயிற்று, துபாயில் இருக்கும் கணவன் கேட்டாயிற்று, பால் போட வந்தவர்கூடக் கேட்டாராம். "நல்லா ஓடுதும்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினேன். மூக்கில் டெட்டால் வாடை. எங்கள் வீட்டில் டெட்டாலே கிடையாது.

ஓய்வுபெற்ற நர்சின் மூக்கு அப்படித்தான், சொன்ன பேச்சைக் கேட்காது. அந்த டெட்டாலுக்குப் பின்னாலேயே இன்னொரு வாடையும் வந்தது. பட்டு நூலைச் சோப்பும் சோடாவும் போட்டு அண்டாவில் வேகவைக்கிற வாடை. அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். அழுக்குத் துணியையும் அவித்த முட்டையையும் ஒரே பானையில் மூடி வைத்தது மாதிரி இருக்கும். இந்த இரண்டும் ஒரே மூச்சில் எனக்குள் போன இடம் உலகத்திலேயே ஒன்றுதான். ஆரணியில், நெசவாளர்கள் குடியிருந்த ஒரு சந்தின் முனையில் இருந்த பிரசவ விடுதி. பெயர் வேண்டாம். அந்தப் பெயரில் இப்போது எதுவும் இல்லை.

எழுபதுகளின் கடைசி. நான் சென்னையில் நர்சிங் பட்டப்படிப்பு நான்காம், கடைசி வருடம். தெள்ளார் பக்கத்தில் கூலி வேலை செய்கிற வீட்டிலிருந்து பல்கலைக்கழகம் வரைக்கும் போன முதல் ஆள் நான்தான். அம்மாவுக்கு அதில் பெருமையைவிடக் குழப்பம் அதிகம். "புள்ள பெத்துக்கறதுக்கு எதுக்குடி யூனிவர்சிட்டி?" என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். பெற்றுக்கொள்ள இல்லை, பிரசவம் பார்க்க என்று விளக்கினால், "அதுக்கு மட்டும் எதுக்கு?" என்பாள்.

பதிவுபெற்ற மருத்துவச்சி ஆக வேண்டுமென்றால் இருபது பிரசவமாவது நம் கையால் பார்த்து, கேஸ் புக்கில் எழுதி, கையெழுத்து வாங்க வேண்டும். சென்னை ஆஸ்பத்திரியில் அது நடக்கிற காரியமா? ஒரு கர்ப்பிணியைச் சுற்றி டாக்டருக்குப் படிப்பவர்கள் ஆறு பேர் நிற்பார்கள். நாங்கள் அவர்கள் தோளுக்கு மேலே எட்டி, குழந்தையின் உச்சந்தலையைப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவோம். அதனால் இரண்டு இரண்டு பேராகப் பிரித்து வெளியூர்களுக்கு அனுப்பினார்கள். எனக்கும் ரெஜினாவுக்கும் ஆரணி விழுந்தது, இரண்டு மாதம். ரெஜினா நாகர்கோவில்காரி. எதையும் நம்பாதவள், மெஸ்ஸில் போட்ட இட்லியைக்கூடப் பிட்டுப் பார்த்துத்தான் நம்புவாள்.

விடுதிக்குப் பொறுப்பு எஸ்தர் சிஸ்டர். ஐம்பது வயது இருக்கும், அதிகம் பேசமாட்டார். லேடி டாக்டர் வியாழக்கிழமை மட்டும் வருவார். மற்ற நாளெல்லாம் சிஸ்டரும் நாங்களும்தான். விடுதிக்குப் பின்னாலேயே எங்களுக்கு ஓர் அறை. காலையில் கண் விழிப்பதே தறிச் சத்தத்தில்தான். ஒரு வீட்டில் தொடங்கினால் அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு என்று சந்து முழுக்க டக் டக் என்று பிடித்துக்கொள்ளும். முதல் வாரம் எனக்குத் தலைவலி. இரண்டாம் வாரம் அந்தச் சத்தம் இல்லாமல் பல்கூடத் துலக்க முடியவில்லை.

சகுந்தலாக்கா எதிர்வரிசையில் மூன்றாவது வீடு. முப்பத்தைந்து வயது, கல்யாணமாகிப் பதினாறு வருடம். இப்போதுதான் முதல் கர்ப்பம். அவரும் அவர் வீட்டுக்காரர் ஏகாம்பரமும் பக்கத்துப் பக்கத்துத் தறியில் உட்கார்ந்து நெய்தவர்களாம். கர்ப்பம் என்று தெரிந்த நாளிலிருந்து அக்காவைத் தறிக்குழியில் கால் வைக்கவே விடவில்லை அவர். நாங்கள் போனபோது அக்காவுக்கு எட்டாம் மாதம். செவ்வாய்க்கிழமைதோறும் பரிசோதனைக்கு வருவார். வந்ததும் எஸ்தர் சிஸ்டர் பக்கம் போகாமல், "இந்தக் கண்ணு பாக்கட்டும்" என்று என் பெஞ்சில்தான் உட்காருவார். எனக்கு அதில் கொள்ளைப் பெருமை. வியாழக்கிழமை லேடி டாக்டரிடம் காட்டச் சொன்னால் மட்டும் ஏதாவது சாக்குச் சொல்லிவிடுவார். அதை நான் கவனித்திருக்க வேண்டும்.

அப்போது எங்கள் கையில் மெஷின் எதுவும் கிடையாது. அலுமினியத்தில் ஒரு புனல், ஒரு சாண் நீளம். அகன்ற வாயை வயிற்றில் வைத்து, மறுமுனையில் காதை அழுத்திக் கேட்க வேண்டும். காது பதிந்ததும் கையை எடுத்துவிட வேண்டும், கையின் சத்தம் வரக்கூடாது. அப்படிக் குனிந்து கிடக்கும்போது நம் முகம் அந்தப் பெண்ணின் கால் பக்கம் பார்த்திருக்கும். அவள் முகத்தைப் பார்க்க முடியாது. அவள் நம் பின்னந்தலையைப் பார்த்துக்கொண்டே காத்திருப்பாள்.

முதல் செவ்வாய்க்கிழமை அக்காவின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தேன். மேளம் மாதிரி விறைப்பாக இருந்தது. தலை எங்கே, முதுகு எங்கே, ஒன்றும் கைக்குப் பிடிபடவில்லை. தெரியவில்லை என்று எழுத வெட்கம். தலை கீழே என்று கேஸ் புக்கில் எழுதிவிட்டேன். அது நான் செய்த திருட்டுத்தனம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் புனலை வைத்துக் கேட்டபோது நான் எதையும் இட்டுக்கட்டவில்லை. தொப்புளுக்குக் கீழே, இடது பக்கம். ரொம்ப தூரத்தில், தலையணைக்கு அடியில் கைக்கடிகாரத்தை வைத்தது போல. டிக்டிக் டிக்டிக். ஒரு நிமிடம் எண்ணினேன். நூற்று நாற்பத்து நான்கு.

"இன்னா கண்ணு, கேக்குதா?"

"கேக்குதுக்கா. நல்லாவே கேக்குது."

நிமிர்ந்து பார்த்தபோது அக்காவின் கண்ணீர் இரண்டு பக்கமும் காதுக்குள் வழிந்துகொண்டிருந்தது. அன்று சாயங்காலத்துக்குள் சந்து முழுக்கத் தெரிந்துவிட்டது. அடுத்த நாள் ஏகாம்பரம் விடுதி வாசலில் வந்து நின்றார். ஒல்லியான மனிதர், விரல் நுனியெல்லாம் சாயம். "நீங்கதானாம்மா கேட்டது?" என்றார். ஆமாம் என்றேன். இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். இருபது வயதில் ஒரு ஆண்பிள்ளை என்னைக் கும்பிட்டது அதுதான் முதல்முறை. ரெஜினாவிடம் மூன்று நாள் அதையே சொல்லிக்கொண்டிருந்தேன்.

அடுத்த செவ்வாய் ரெஜினாவும் புனலை வைத்துப் பார்த்தாள். வெளியே வந்ததும், "எனக்கு ஒண்ணும் கேக்கல்லட்டி. நீ தறிச் சத்தத்தக் கேட்டுட்டு எழுதுத" என்றாள். எனக்குக் கோபம். ஆனால் சந்தேகமும் ஒட்டிக்கொண்டது. அந்தச் சந்தில் எதைத்தான் தறிச் சத்தம் இல்லாமல் கேட்க முடியும்?

அமாவாசையன்று நெசவாளர்களுக்கு விடுமுறை. அன்றைக்கு ஒருவரும் தறியில் உட்காரமாட்டார்கள். காலையில் எழுந்ததுமே ஏதோ தப்பு என்று தோன்றும், பிறகுதான் நிசப்தம் புரியும். மூன்றாம் வாரம் வந்த அமாவாசையன்று காலை பத்து மணிக்கு நான் புனலை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்கே போனேன். வெயில் கூரைக் கண்ணாடி வழியாகத் தறிமேல் விழுந்துகொண்டிருந்தது. இரண்டு தறி. ஒன்றில் பாதிச் சேலை. அக்காவின் தறியில் நெடுக்கே கட்டிய வெறும் பாவு நூல் மட்டும், எட்டு மாதமாக அப்படியே. உத்திரத்தில் சேலைத் தூளி ஒன்றைக் கட்டித் தயாராக வைத்திருந்தார்கள். காற்றே இல்லை, தூளி மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. "நீ உள்ள வர்றப்போ தோள் பட்டுச்சி கண்ணு" என்றார் அக்கா. பட்டிருக்கலாம்.

பாயில் படுக்கச் சொல்லிக் காதை வைத்தேன். சந்தில் ஒரு சத்தமில்லை. புனலுக்குள் மட்டும் முன்னைவிடத் தெளிவாக, முன்னைவிடக் கிட்டத்தில் ஓடியது. நூற்று நாற்பத்து நான்கு. என் நாடியைப் பிடித்துப் பார்த்தேன், எண்பத்திரண்டு. அக்காவின் நாடி எழுபத்தாறு. அந்த வீட்டில் மூன்றாவதாக ஒன்று துடித்துக்கொண்டிருந்தது.

சந்தோஷமாகத்தானே வந்திருக்க வேண்டும்? எனக்கு வழியெல்லாம் அந்த எண்தான் மனதில் ஓடியது. மூன்று வாரமாக எண்ணுகிறேன், ஒரு துடிப்பு கூடவில்லை, ஒன்று குறையவில்லை. எந்தக் குழந்தையும் அப்படி இருக்காது. அறைக்கு வந்து புனலைத் தலையணையில் வைத்துக் கேட்டேன், ஒன்றுமில்லை. சுவரில் வைத்தேன், ஒன்றுமில்லை. ரெஜினாவைப் படுக்கவைத்து அவள் வயிற்றில் வைத்தேன். மத்தியானம் சாப்பிட்ட எலுமிச்சைச் சாதம் மட்டும் பேசியது. "ஒனக்குப் பைத்தியம் பிடிச்சாச்சு" என்றாள். பரவாயில்லை, சத்தம் என் காதில் இல்லை என்பது எனக்குப் போதும்.

பத்து நாள் கழித்து, காலை பதினொரு மணி சுமாருக்கு அக்கா இடுப்பைப் பிடித்துக்கொண்டு சந்தைக் கடந்து வந்தார். ஏகாம்பரம் துணிப்பையோடு பின்னால். அன்றைக்கு விடுதியில் வேறு பிரசவமே இல்லை. வலி நிஜம். நானே கடிகாரம் வைத்துப் பார்த்தேன், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வந்தது. எஸ்தர் சிஸ்டர் கையுறை போட்டுப் பரிசோதித்தார். முகம் மாறியது. திரும்பவும் பார்த்தார். கையுறையைக் கழற்றி, ரொம்ப நேரம் கையைக் கழுவினார்.

"சகுந்தலா, நான் சொல்றதக் கேளு. உள்ள கொழந்த இல்லம்மா. கர்ப்பப் பை சின்னதா, காலியாதான் கீது."

பொய்க் கர்ப்பம். எங்கள் புத்தகத்தில் அதற்கு அரைப் பக்கம் உண்டு. ஆசை முற்றிப்போனால் உடம்பே நம்பிவிடும். மாதவிலக்கு நிற்கும், வயிறு பெருக்கும், மார்பில் பால்கூடச் சுரக்கும். நான் அந்தப் பக்கத்தில் அடிக்கோடெல்லாம் போட்டிருந்தேன்.

அக்கா சிஸ்டரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். "நீ கேட்டியே கண்ணு. சொல்லு அவங்களுக்கு."

அறை வாசலில் ஏகாம்பரம். பக்கத்தில் சிஸ்டர். என் கேஸ் புக், என் படிப்பு, என் அம்மாவின் கேள்வி எல்லாம் அந்த ஒரு நொடியில் வரிசையாக வந்து நின்றன.

"தப்பா கேட்டுட்டேன்கா" என்றேன்.

"தப்பா எழுதலாம் கண்ணு. தப்பா கேக்க முடியுமா?"

கோபமே இல்லை அந்தக் குரலில். நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். அதற்குள் அடுத்த வலி வந்துவிட்டது.

வீட்டுக்கு அனுப்பலாமா என்று கேட்டேன். சிஸ்டர் தலையை ஆட்டினார். "வலி வந்துகினு கீது இல்ல? முடியற வரைக்கும் கூட நில்லு." நின்றேன். நான்கு மணி வரைக்கும். நான் பார்த்த அவ்வளவு பிரசவங்களில் எதற்கும் நான் அப்படி நின்றதில்லை. அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, மூச்சடக்கி, பிரசவம் ஆகிற பெண் எப்படி முக்குவாளோ அப்படியே முக்கினார். கடைசியில் ஒரு நீண்ட மூச்சு. வயிற்றின் மேலிருந்த என் உள்ளங்கைக்கடியில் அந்த விறைப்பு மெதுவாக இறங்கியது. இறங்கிக்கொண்டே போய்த் தட்டையாயிற்று.

அப்போது பக்கத்து அறைக் கதவு படாரென்று திறந்தது. ஊசிகளைக் கொதிக்க வைத்துக்கொண்டிருந்த ரெஜினா, சூடு காட்டிய துணியை இரண்டு கையிலும் விரித்து ஏந்திக்கொண்டு ஓடிவந்தாள்.

"என்ன பிள்ளைட்டி? ஆணா, பெண்ணா?"

நானும் சிஸ்டரும் ஒரு சத்தமும் கேட்டிருக்கவில்லை. ரெஜினா எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தாள். விரித்த துணியோடு அப்படியே நின்றாள். "அழுதுச்சே..." என்றாள்.

சகுந்தலாக்கா அவளைப் பார்த்துச் சிரித்தார். பிறகு கண்ணை மூடித் தூங்கிப்போனார். பொழுது சாய்வதற்குள் எழுந்து, சேலையைச் சரிசெய்துகொண்டு, ஏகாம்பரத்தோடு சந்தைக் கடந்து நடந்து போனார். துணிப்பையை ஏகாம்பரம்தான் தூக்கிக்கொண்டு போனார், ஏதோ நிறைய இருப்பது மாதிரி மார்போடு அணைத்துக்கொண்டு.

சந்தில் மேய்ந்த ஆட்டுக்குட்டியாக இருக்கும் என்று ரெஜினா மறுநாள் சொன்னாள். அதற்கப்புறம் அதைப் பற்றிப் பேசவிடவில்லை.

நான் போய் எஸ்தர் சிஸ்டர் முன்னால் நின்றேன். தலை கீழே என்று எழுதியது ஊகம், ஆனால் துடிப்பை நிஜமாகக் கேட்டேன் என்று சொன்னேன். அவர் மேசை இழுப்பறையிலிருந்து அக்காவின் பழைய பரிசோதனை அட்டையை எடுத்தார். கிழிக்கப் போகிறார் என்று தெரிந்தது. அதற்கு முன் ஒரு கணம் அது என் பக்கம் திரும்பியது. நாங்கள் ஆரணிக்கு வருவதற்கு முந்தைய மாதத்துப் பதிவு. கையெழுத்து சிஸ்டருடையது. துடிப்பு கேட்டது, நூற்று நாற்பத்து நான்கு.

அட்டையை நான்காகக் கிழித்து அடுப்பில் போட்டார். "போய்ச் சாப்பிடு" என்றார்.

அந்த வருடப் பல்கலைக்கழகத் தேர்வில், வாய்மொழித் தேர்வுக்கு வந்திருந்த அம்மையார் பொய்க் கர்ப்பத்தின் அறிகுறிகளைக் கேட்டார். மடமடவென்று சொன்னேன். "இதயத் துடிப்பு?" என்றார். "கேட்காது மேடம்" என்றேன். வெரிகுட் என்றார். சில மாதத்தில் பதிவுச் சான்றிதழ் வந்தது, நர்ஸ் என்றும் மருத்துவச்சி என்றும் போட்டு. அப்பா அதைக் கண்ணாடி போட்டு மாட்டினார். நான் அதன் நேர் எதிரே உட்கார்ந்து சாப்பிடுவதைத் தவிர்த்தேன்.

எண்பதுகளின் நடுவில் சந்தவாசல் பக்கம் எனக்கு வேலை. கல்யாணமாகி ஆறு மாதக் கர்ப்பம். ஒரு பயிற்சிக்காக ஆரணி போகவேண்டி வந்தது. கால் தானாக அந்தச் சந்துக்குப் போய்விட்டது. விடுதி வராந்தாவில் சகுந்தலாக்கா, நீலப் புடவையில், துணி மடித்துக்கொண்டிருந்தார். எஸ்தர் சிஸ்டர்தான் வற்புறுத்தி உதவியாளாக வைத்துக்கொண்டாராம். வலியில் இருக்கும் பெண்கள் எல்லாரும் அக்காவின் கையைத்தான் பிடித்துக்கொள்ளக் கேட்கிறார்கள் என்று அங்கிருந்த நர்ஸ் சொன்னாள்.

என்னைக் கண்டதும் எழுந்து வந்து வயிற்றைத் தடவினார். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் அதற்குள் குனிந்து, புனல் எதுவும் இல்லாமல், வெறும் காதைச் சேலைமேல் வைத்துவிட்டார். வெகுநேரம் அப்படியே இருந்தார். இந்தத் தடவை நான் அவர் பின்னந்தலையைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தேன்.

"நல்லா கீது. ஆனா அதவிட இது மெதுவாத்தான் ஓடுது. அது ரொம்ப ஜல்தி" என்றார்.

எனக்கு முந்தின நாள்தான் எண்ணிப் பார்த்திருந்தார்கள். நூற்று முப்பது. அக்காவிடம் அந்தப் பழைய எண்ணை நான் ஒருநாளும் சொன்னதில்லை. அவர் வாழ்நாளில் புனலைக் கையால் தொட்டதில்லை. அவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார், அதுதான் பயம். காபி குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் கிளம்பிவிட்டேன். அக்காவை நான் கடைசியாகப் பார்த்தது அதுதான். நான் வடக்கே கணவரோடு போய் இருந்த வருடங்களில் இறந்துபோனார்.

மறுபடி அந்தப் பக்கம் போனது நான் ஓய்வுபெற்ற வருடம், சேவூரில் ஒரு கல்யாணத்துக்கு. முகூர்த்தம் முடிந்து, ஆட்டோ பிடித்துச் சந்துக்குப் போனேன். ஏகாம்பரம் இருந்தார். வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, கண்ணில் பூ விழுந்து, உட்கார்ந்திருந்தார். யாரென்று சொன்னேன். பேரைச் சொன்னபோது விளங்கவில்லை. "விடுதியில படிச்ச பொண்ணு" என்றதும் நிமிர்ந்தார். கையைத் துழாவி என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்த விரல்களில் சாயம் எப்போதோ போய்விட்டிருந்தது.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும். இத்தினி வருசமா யாரக் கேக்கறதுன்னு தெரியல. அன்னிக்கி அவகிட்ட தப்பா கேட்டுட்டேன்னு சொன்னீங்க. நெசமா அப்பிடியாம்மா?"

சந்தில் ஒரு மோட்டார் சைக்கிள் போனது. அது போய்முடியும்வரை இருந்தேன்.

"இல்லண்ணா. நெசமாத்தான் கேட்டேன். ஒவ்வொரு தடவையும் கேட்டேன்."

அவர் ரொம்ப நேரம் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். "அப்ப சரி" என்றார். அப்புறம் என் கையை விட்டுவிட்டு, எனக்கு எத்தனை பிள்ளைகள், வெயில் எப்படி என்று சாதாரணமாகப் பேச ஆரம்பித்தார்.

அடுத்த வருடம் அவரும் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். அவர் வீடு இருந்த இடத்தில் மாடிக் கட்டடம் வந்துவிட்டது. விடுதியை இடித்து, கல்யாண மண்டபத்துக்கு வண்டி நிறுத்த இடம் பண்ணியிருக்கிறார்கள். எஸ்தர் சிஸ்டர் எப்போதோ காலமாகிவிட்டார். ரெஜினா கனடாவில் மகனோடு இருக்கிறாள். பண்டிகைக்குப் பண்டிகை பேசுவோம். போன கிறிஸ்துமஸுக்குப் பேச்சுவாக்கில் ஆரணி வந்தது.

"அந்தச் சந்துல ஆடே கிடையாதுட்டி" என்றாள்.